அத்தானின் தலைக்கு அளவெடுத்த வீடு

என் அக்காள் கணவரைக் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் ஊஞ்சல் கொக்கியில் மாட்டி வைத்தவன் நான். கோபத்தில் செய்ததல்ல, விஞ்ஞானத்தில் செய்தது. அதைவிட வெட்கமான இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் துணிவு வராது. அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்தேன். அதிலும் ஒளியியல் என் பாடம். கண்ணாடி இடத்தை வலமாகக் காட்டும் என்பதைப் பதினோரு வருஷம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். பரீட்சையில் அதைத் தப்பாக எழுதிய பிள்ளைகளுக்கு முட்டை போட்டிருக்கிறேன். அந்த முட்டைகளையெல்லாம் ஒரு தை மாதத்து வெள்ளிக்கிழமை காலையில் மொத்தமாகத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

நடந்தது தொண்ணூறுகளின் நடுவில். தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, எதிரே இருக்கிற அறையையும் எங்குமே இல்லாத வீட்டையும் ஒன்றாகப் பார்ப்பதற்கு இப்போது 'மிக்சட் ரியாலிட்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் அதற்கு இருந்த பெயர், 'வாத்தியாருக்குக் கிறுக்கு முத்திட்டு'.

அத்தான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தெட்டு வருஷம் பத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்ததில், அவருக்கு உலகம் என்பது செக்குபந்தி எழுதப்பட்ட ஒரு சொத்து. கிழக்கே யார், மேற்கே யார், வடக்கே என்ன, தெற்கே என்ன என்று நான்கு எல்லையும் தெரியாத இடத்தில் அவர் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டார். ஒருமுறை மணிமுத்தாறு அருவிக்குக் குடும்பத்தோடு போனோம். எல்லோரும் தண்ணீரைப் பார்த்து வாயைப் பிளந்தபோது அவர் பின்பக்கமாகத் திரும்பி, "இதுக்குக் கிழக்கே யாரு?" என்று கேட்டார். குரங்குகளைத் தவிர வேறு யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் குளித்தார்.

அக்காளுக்கு ஊர்கள் வேறு மாதிரி நினைவிருக்கும். அத்தானுக்கு மாற்றலாகும் ஊருக்கெல்லாம் அவளும் போனாள். ஸ்ரீவைகுண்டத்தில் வாடகை வீட்டு அடுப்படி, ஒரு காலத்தில் வைக்கோல் அடைத்து வைத்த அறை. நாங்குநேரியில் மாடிப்படிக்குக் கீழே. நிமிர்ந்தால் தலையில் இடிக்கும், ஆகவே இரண்டரை வருஷம் குனிந்தே சமைத்தாள். எந்த ஊரிலும் அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது. "அந்த ஊர் எப்படிக்கா?" என்று கேட்டால், "கண்ணு எரியும்" என்பாள். கோயில், ஆறு, வாழைத்தோட்டம் எல்லாம் அவள் வரையில் அந்த ஒரு பதிலுக்குள் அடக்கம்.

கடைசியில் பெருமாள்புரத்தில் ஒரு மனை வாங்கி, வடக்குப் பார்த்த வீட்டுக்குப் பிளான் போட்டார் அத்தான். சாஸ்திரப்படி தென்கிழக்கில், அக்கினி மூலையில் அடுப்படி. தென்மேற்கில், கன்னி மூலையில் வீட்டுக்காரர் படுக்கும் அறை. எல்லாம் சரி. அடுப்படிக்கு மட்டும் ஜன்னல் இல்லை.

"ஜன்னல் எங்க?" என்று அக்கா கேட்டாள்.

"கிழக்குச் சுவர்ல ஜன்னல் வச்சா எவன் மூஞ்சி தெரியும்னு தெரியுமாட்டி?"

கிழக்கெல்லைக்காரர் அரை அடி மண்ணுக்காக அத்தானோடு பேச்சை முறித்துக்கொண்டவர். எல்லைக்கல் நட்ட அன்றைக்கு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சட்டப்பிரிவு எண் சொல்லித் திட்டியிருக்கிறார்கள்.

"நான் எதுக்கு அவன் மூஞ்சியப் பாக்கேன்? புகை வெளிய போகணும்லா?"

"புகைபோக்கி போட்டிருக்கு, பாரு."

பிளானில் பென்சிலால் ஒரு புள்ளி இருந்தது. கொசு உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்து அக்கா அதைத் தட்டிவிடப் பார்த்தாளாம்.

அஸ்திவாரம் கார்த்திகையில் முடிந்துவிடும். மார்கழியில் வேலை கிடையாது. தை கடைசியில் வாசக்கால் வைத்துவிட்டால் சுவர் எழும்பிவிடும். அதற்குப் பிறகு ஜன்னலைப் பற்றிப் பேசுவது சுவரோடு பேசுவதுதான். இதை அவள் என்னிடம் வந்து சொன்னது புரட்டாசியில்.

"நான் சொன்னா அத்தான் கேக்க மாட்டாவ. எழுத்துல இருந்தாத்தான் நம்புவாவ. இல்ல, மிசின் சொல்லணும். நீதான் வெளிநாட்டுக்காரன் தலையில என்னமோ மாட்டிக்கிட்டுக் கட்டாத வீட்டுக்குள்ள நடக்கான்னு பீத்துனல்லா?"

பீத்தியது உண்மை. கல்லூரி நூலகத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் அப்படி ஒரு படம் பார்த்திருந்தேன். படத்துக்குக் கீழே இருந்ததையும் படித்திருந்தால் அதற்கு எத்தனை பேர், எத்தனை வருஷம் உழைத்தார்கள் என்று தெரிந்திருக்கும். நான் படம் மட்டும்தான் பார்த்தேன்.

"அந்தத் தொப்பியச் செஞ்சு அத்தானை அந்த அடுப்படிக்குள்ள ஒரு தடவ கொண்டு நிறுத்து. அது போதும் எனக்கு."

"அத்தான் சம்மதிக்கணுமே?"

"அத நான் பாத்துக்கிடுதேன்."

அன்று ராத்திரி சோறு போடும்போதே பார்த்துக்கொண்டாள். "நிலத்துக்கு முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாத்திய. வீட்டுக்குப் பாக்க வேண்டாமா? தம்பிகிட்ட மிசின் இருக்காம்" என்றாளாம். வில்லங்கம் என்ற சொல்லைக் கேட்டால் அத்தான் தூக்கத்திலும் எழுந்து உட்காருவார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். என்னைக் கூப்பிட்டே சொன்னார்:

"கண்ணைக் கட்டிக் காட்டுல விடுத சோலியெல்லாம் நம்மகிட்ட வேண்டாம், வே. நான் நிக்கிற தரை எனக்குத் தெரியணும். அது மேல உம்ம வீடும் தெரியட்டும்."

அப்படியாக, திருநெல்வேலிச் சீமையில் மிக்சட் ரியாலிட்டியைக் கண்டுபிடித்தவர் என் அத்தான். நான் செய்து கொடுத்தவன் மட்டுமே.

முதலில் தலை. அத்தானின் தலை சாதாரணத் தலை அல்ல. முன்னால் அகன்று பின்னால் ஒரு பிடி நீண்டிருக்கும். மத்தியான நேரம் அவர் உறங்கும்போது அக்கா பூக்கட்டும் வாழைநாரால் தலையைச் சுற்றி அளந்தாள். பிறகு அந்த நாரை எடுத்துக்கொண்டு பரணில் இருந்த தன் சீர்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தாள். மூன்றாவதாகச் சுற்றிய வெண்கலப் பொங்கல் பானை, நூல் பிசகாமல் அத்தான்.

"இருவத்திரெண்டு வருசத்துக்கு முந்தியே எங்கய்யா இவுக தலைய எனக்குச் சீராத் தந்திருக்காவ பாரு" என்றாள்.

பானையை என் வீட்டு மேசையில் கவிழ்த்து, அதன்மேல் பழைய செய்தித்தாளைக் கிழித்து மைதாப் பசையில் ஒட்டி ஒட்டித் தொப்பியைச் செய்தேன். பானையின் ஒரு பக்கத்தில் அத்தானின் முகம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, கண் வரவேண்டிய இடத்தில் சாக்கட்டியால் குறித்தேன். என் மனைவி அந்த அறையைக் கூட்ட வரும்போதெல்லாம் பானைக்கு முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வெளியே போவாள். கேட்டால், "மரியாதைக்குத்தான்" என்பாள்.

அடுத்தது கண். அத்தானுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. அந்தக் கண்ணுக்குச் சோடாப் புட்டியின் அடிபோல ஒரு கனத்த லென்சு. இடது கண்ணில் புரை இன்னும் முற்றவில்லை என்று டாக்டர் காத்திருக்கச் சொல்லியிருந்தார். ஆகவே இடது கண்ணுக்கு எதைக் காட்டினாலும் ஒன்றுதான். இரண்டு திரை தேவையில்லை, ஒன்று போதும் என்று நான் மகிழ்ந்துபோனேன். முப்பரிமாணம் என்பதே இரண்டு கண்ணும் சேர்ந்து செய்கிற வேலை என்பது எனக்கு நினைவு வரவில்லை. இதுவும் என் பாடம்தான்.

அந்த ஒரு திரையைக் கொண்டுவந்தவன் என் தூத்துக்குடி நண்பன். கடற்கரைக்காரன், விசைப்படகுகளின் வயர்லெஸ் பெட்டிகளைப் பழுதுபார்ப்பவன். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளிக்குள் விழுந்து உயிர்விட்ட ஒரு வீடியோ கேமராவில், படம் எடுப்பவர் கண்ணை வைத்துப் பார்க்கும் சின்னக் குழாய் மட்டும் பிழைத்திருந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்பு வெள்ளைத் திரை. சூடானால் லேசாகப் பெருங்காயம் மணக்கும்.

அதைத் தொப்பியின் நெற்றியில் குப்புற வைத்தோம். கண்ணுக்கு எதிரே அத்தானின் பவருக்கே வாங்கிய ஒரு லென்சு, அதற்கு முன்னால் சாய்வாக ஒரு கண்ணாடிச் சில்லு. கார் ஜன்னலுக்கு ஒட்டும் கறுப்புக் கூலிங் தாளை அதில் ஒட்டினால், திரையில் உள்ள கோடுகள் அதில் பட்டுத் தெரியும், அதன் வழியாக எதிரே உள்ள அறையும் மங்கலாகத் தெரியும். அறை கொஞ்சம் இருட்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடிச் சில்லைக் கையில் பிடித்து ஒட்டியவன் நான். அப்போதாவது நினைவு வந்திருக்க வேண்டும்.

முன்பக்கம் கனத்துத் தொப்பி கவிழ்ந்தது. நண்பன் வலையில் கட்டும் ஈயக்குண்டுகளைக் கொண்டுவந்து பின்பக்கம் கோத்தான். இப்போது கவிழவில்லை, ஆனால் கழுத்து உள்ளே போய்விடும் கனம்.

"லே, இதைத் தலையில வச்சா மனுசன் நேரா மண்ணுக்குள்ளதான் போவான்" என்றான் நண்பன். "மேல கட்டித் தொங்கவிடு."

அத்தானின் வாடகை வீட்டுக் கூடத்தில் ஊஞ்சல் இருந்தது. பலகையைக் கழற்றிவிட்டு ஒரு சங்கிலியில் தொப்பியைத் தொங்கவிடுவது என்று முடிவாயிற்று. சங்கிலி திரும்பினால் கொக்கியில் பொருத்திய, ரேடியோவில் சத்தம் கூட்டும் திருகு திரும்பும். அதை வைத்துத் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று, பிளானை நான் கோடு கோடாக ஏற்றி வைத்திருந்த கம்ப்யூட்டர் தெரிந்துகொள்ளும்.

சரி, வீட்டுக்குள் நடப்பது எப்படி? அத்தான் எலி பிடிக்க மாட்டார். கம்ப்யூட்டரின் எலியைச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பத்திரிகையில் கையுறை போட்டிருந்தார்கள். இங்கே பாளையங்கோட்டை வெயிலில் கையுறையா? பயன்படுத்துகிறவருக்குப் பழகிய பொருளே நல்ல இடைமுகம் என்று எனக்கு நானே ஒரு விதி எழுதிக்கொண்டு, அத்தானுக்குக் கை தானாகப் போகிற பொத்தான் எது என்று யோசித்தேன். ஒன்றே ஒன்றுதான். மேசை மணி. ஒருமுறை தட்டினால் முன்னால் ஓரடி. அடுத்தடுத்து இரண்டு தட்டினால் பின்னால் ஓரடி. இருபத்தெட்டு வருஷம் மணியைத் தட்டி மற்றவர்களை வரவழைத்த மனிதர், இனி மணியைத் தட்டித் தானே போவார். இது கவிதை என்று எனக்குத் தோன்றியது. நண்பனிடம் சொன்னேன். அவன் ஈயக்குண்டை எண்ணிக்கொண்டிருந்தான்.

இதில் ஒரு சிக்கல். தொப்பியை நான் போட்டால் மூக்குவரை இறங்கிவிடும். பிடித்துக்கொண்டு பார்த்தாலும் அத்தானின் லென்சு வழியாக எனக்குத் தெரிவது ஒரு வெள்ளை மேகம். அக்காவுக்கும் மேகம். நண்பனுக்கும் மேகம், அவன் மட்டும் "மழை வரும்போல" என்றான். ஒரு மனிதருக்கென்றே அவ்வளவு துல்லியமாகச் செய்த கருவி. செய்தவன் அதன் வழியாக ஒருநாளும் எதையும் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் திரையில் வீடு சரியாகத் தெரிந்தது, ஆகவே தொப்பிக்குள்ளும் சரியாகத் தெரியும் என்று நம்பினேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் அக்கா வந்து நின்றாள். "பானையத் தா."

"அக்கா, தொப்பி இன்னும் முழுசாக் காயல. கழத்துனா வடிவம் போயிரும்."

"பொங்கல் எதுல விடச் சொல்லுத? அத்தான் தலையிலயா?"

பானை போய், பொங்கல் முடிந்து, உதட்டோரம் மைதாப் பசை காய்ந்த ஒரு வெள்ளைத் தழும்போடு திரும்பி வந்தது. தொப்பியை மறுபடி அதில் ஏற்றிப் பார்த்தேன். கச்சிதம். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நல்ல நேரம், பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும் என்று அத்தானே குறித்துக் கொடுத்தார். அடுத்த புதன்கிழமை வாசக்கால்.

வெள்ளிக்கிழமை நானும் நண்பனும் ஆட்டோவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினோம். கூடத்தில் அத்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரோ என்று நினைத்துவிட்டேன். பளபளவென்று மொட்டை. அதன்மேல் ஈரம் காயாத சந்தனம்.

"நேத்துத் திருச்செந்தூர் போயிட்டு வந்தேன், வே. வீடு நல்லபடியா அமையணும்னு ஒரு நேர்ச்சை."

அத்தானுக்கு அறுபது வயதிலும் அடர்த்தியான முடி. மூன்றரை மாதம் நான் அளவெடுத்துச் செய்தது அந்த முடியோடு சேர்ந்த தலைக்கு. அக்காவைப் பார்த்தேன்.

"மொட்டையப் போட வேண்டாம்னா சொல்ல முடியும்? முருகன்கிட்ட போய் உன் தொப்பியப் பத்திச் சொல்லவா?" என்று மெதுவாகச் சொன்னாள்.

தொப்பி அத்தானின் தலையில் கிணற்றில் விழுந்த வாளிபோல ஆடியது. ஒரு துண்டை மடித்துச் சுற்றி இடைவெளியை அடைத்தோம். சந்தனம் துண்டில் ஏறி, துண்டிலிருந்து கன்னத்துக்கு வழிந்தது. சங்கிலியைக் கொக்கியில் மாட்டினோம், நாடாவைத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டோம், மார்பு உயரத்தில் சங்கிலியோடு மணியைக் கட்டினோம். அக்கா ஜன்னல் கதவுகளை அடைத்தாள். அத்தானைத் தெற்கே பார்க்க நிறுத்தினேன். கம்ப்யூட்டர் அவருக்குப் பின்னால் இருந்தது.

"தெரியுதா அத்தான்?"

முதலில் பெருங்காய வாசம்தான் வந்தது.

"தெரியுது, வே" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. "வாசக்கால் தெரியுது. அதுக்குப் பின்னால நம்ம கூடத்துச் சுவரும் தெரியுது. கோடு கோடா... ஏட்டி, வீடு நிக்குது."

அந்த ஒரு நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். அது பொய்யில்லை.

செருப்பில்லாத காலைத் தரையில் ஒருமுறை துடைத்துக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து, மணியை ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே போனார். நின்றார். மூச்சு வாங்கியது.

"என்னவே செஞ்சு வச்சிருக்கீரு?"

"என்ன அத்தான்?"

"வலப்பக்கம் கடைசியில அடுப்பு மேடை. இடப்பக்கம் கட்டில். நான் தெக்க பாத்து நிக்கேன். அப்ப கன்னி மூலையில அடுப்பு. அக்கினி மூலையில என் கட்டிலு. என்னை அக்கினியில கிடத்திட்டீரே! உயிரோடயாவே கொள்ளி வைப்பீரு?"

வீட்டைத் திருப்பித் திருப்பி யோசித்தேன். கம்ப்யூட்டர் திரையில் அடுப்படி இடது பக்கம்தான் இருக்கிறது. அப்புறம் கண்ணாடிச் சில்லு நினைவுக்கு வந்தது. பதினோரு வருஷத்துக் கரும்பலகையும் நினைவுக்கு வந்தது.

"அத்தான், அது... கண்ணாடில பட்டுத் தெரியுதுல்லா. இடம் வலமா மாறும். நேத்து மொட்டை போடும்போது கண்ணாடி பாத்திருப்பியள்லா, அதுமாதிரி."

"நீரு காலேஜுல என்ன நடத்துதீரு?"

"ஒளியியல்."

நண்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"அப்ப எல்லாமே இடம் வலம் மாறித்தான் இருக்கு?"

"ஆமா."

"அப்ப நான் வலது கால எடுத்து வச்சது?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்த ஆய்வுக்கூடமும் தயாராக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அத்தானுக்குத் தன் கேள்வியிலேயே பதில் கிடைத்துவிட்டது. புது வீட்டில் இடது கால் பட்டுவிட்டது. மணியை இரண்டு தட்டுத் தட்டி அவசரமாக வெளியே வந்தார்.

"இடது கால வையுங்க. உள்ள போனா அது வலதாயிரும்லா" என்றாள் அக்கா.

"தரை நெசம்தானட்டி? நெசத் தரையில இடது கால எப்படி வைப்பேன்?"

"அப்ப வலதையே வையுங்க."

"அது வீட்டுக்கு இடதுல்லா!"

ஒன்பதரை ஆயிற்று. ராகு காலம் வரப்போகிறது. புதன்கிழமை வாசக்கால். என் கருவி உலகத்துக்கு என்னென்னவோ காட்டும் என்று நினைத்திருந்தேன்; மொட்டைத் தலையும் சந்தனமுமாக அத்தான், எங்குமே இல்லாத ஒரு வாசலுக்கு முன்னால் எந்தக் காலை வைப்பது என்று தெரியாமல் நின்றார். அக்கா கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஜன்னலைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை வரவில்லை.

அத்தான் ஒரு முடிவுக்கு வந்தார். சார்பதிவாளரின் முடிவு: எந்தத் தரப்புக்கும் பாதகமில்லாதது. இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதித்தார்.

சங்கிலி கிரீச்சென்றது. உத்தரத்திலிருந்து தூசி கொட்டியது. தொப்பி எகிறி, அத்தான் இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்ற, மார்பில் இடித்த மணி டிங்... டிங்... டிங் என்று விட்டுவிட்டுத் தானாகவே ஏழெட்டுத் தட்டுத் தட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் திரையில் அத்தான் கூடத்தைத் தாண்டி, ஒரு சுவரை உடைக்காமலே ஊடுருவி, நேரே அடுப்படிக்குள் போய் நின்றார். அதே இழுப்பில் தொப்பிக்குக் கரண்டு கொடுக்கும் எலிமினேட்டரின் பிளக்கு சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு தரையில் விழுந்தது.

"ஏட்டி! ஒண்ணும் தெரியல. இருட்டா இருக்கு!"

நான் பிளக்கை எடுக்கக் குனிந்தேன். அதற்குள் ஒரு கால் அதை மிதித்தது. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா. அவள் என்னைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் ஒரு விரல்.

"எங்க நிக்கியன்னு தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியலயே. நல்ல இருட்டுல்லா."

"அடுப்படியில நிக்கிய."

அவள் கண்ணால் எனக்கு ஒரு சாடை காட்டிவிட்டு உள்ளே போனாள். பிளக்கை மிதிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. என் உழைப்பில் அன்றைக்குச் சரியாக வேலை செய்த ஒரே பகுதி அந்தக் கால்தான்.

உள்ளேயிருந்து எண்ணெய் காயும் சத்தம். அப்புறம் மிளகாய் வற்றல் கருகும் நெடி கூடத்துக்குள் வந்தது. ஜன்னல்கள் அடைத்திருந்தன. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. நண்பன் சட்டையால் மூக்கை மூடினான். அத்தான் தொப்பிக்குள்ளிருந்து இருமினார், இருமினார், இருமிக்கொண்டே இருந்தார். தாளிக்க இரண்டு வற்றல் போதும். பிற்பாடு நான் பார்த்தபோது அடுப்புப் பக்கத்தில் பன்னிரண்டு காம்புகள் கிடந்தன.

"ஏட்டி, புகை! ஜன்னலத் திற!"

"ஜன்னல் ஏது? பிளான்ல இல்லைல்லா."

அத்தான் மணியைத் தேடித் தடவி இரண்டு தட்டுத் தட்டினார். மறுபடி இரண்டு. மறுபடி. தாடைக்குக் கீழே முடிச்சை இழுத்தார். சந்தனத்தில் ஊறி அது இறுகியிருந்தது. சங்கிலி விடவில்லை.

"வெளிய வர முடியலட்டி."

அக்கா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "எனக்கும் முடியலங்க. இருவத்திரெண்டு வருசமா இங்கனதான் நிக்கேன்."

இருமல் நின்றது. மணியும் நின்றது. கூடத்தில் சங்கிலி ஆடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் பிளக்கின் மேலிருந்து காலை எடுக்கவில்லை.

"வாத்தியாரே" என்றார் அத்தான் கடைசியில். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டது அது ஒருமுறைதான். "இதைக் கழத்தும். பிளானையும் சிவப்பு மையையும் எடுத்துட்டு வாரும்."

முடிச்சை அவிழ்க்க முடியாமல் நண்பன் கத்தரிக்கோலால் வெட்டினான். அத்தான் சந்தனமும் கண்ணீருமாக மேசை முன்னால் உட்கார்ந்து, கிழக்குச் சுவரில் நாலுக்கு மூன்று என்று ஒரு ஜன்னல் வரைந்தார். பக்கத்தில் 'அடித்தல் திருத்தல் ஒன்று' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

"அவன் மூஞ்சி தெரியுமே?" என்றாள் அக்கா.

"தெரிஞ்சிட்டுப் போறான். அவனும் கொஞ்சம் இருமட்டும்."

ஆவணியில் பால் காய்ச்சினார்கள். புது அடுப்படியில், கிழக்கு ஜன்னல் வழியாக வந்த வெயிலில், அந்த வெண்கலப் பானையிலேயே பால் பொங்கியது; உதட்டோரத் தழும்பு அப்படியே இருந்தது. அத்தான் வந்தவர்களிடமெல்லாம், "மச்சினன் ஒரு மிசின் செஞ்சிருக்கான். கட்டாத வீட்டோட புகைகூட மூக்குல ஏறும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னல் பக்கத்தில் நின்றே காப்பி குடித்தாள்.

எனக்குத்தான் அந்தப் பெருமையை அப்படியே வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. வாங்காமல் இருக்கவும் மனசு வரவில்லை. வேட்டி துண்டு வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்த கொத்தனாரிடம் போய், பானை, லென்சு, சாம்பார் கேமரா, ஈயக்குண்டு, மேசை மணி, பிளக்கு என்று ஒன்று விடாமல் உண்மையைச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே பொறுமையாகக் கேட்டார். துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அப்பம் கடைசியில அந்த மிசின் ஓடல?"

"அந்த நேரத்துல ஓடல."

"ஒண்ணும் தெரியாம இருட்டுலதான் நின்னிருக்காவ?"

"ஆமா."

அவர் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து ஒருமுறை உதறி, கண்ணைக் கட்டும் அகலத்துக்கு மடித்துப் பார்த்தார்.

"இதுக்கு ஒரு துண்டு போதுமே, சாருவாள்."